ஐந்து ஊர்களின் உள்ளூர்க்காரன்

அப்பாவுக்கு, உங்கள் மூத்தவன் எழுதுவது. முட்டிவலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

அருங்காட்சியக ஓவியங்களைச் சிற்றூர்களுக்குக் கொண்டுபோய்க் காட்ட அரசாங்கம் மானியம் தருகிறது. லாரியிலிருந்து பெட்டிகளை இறக்கிப் படம் மாட்டுவது என் வேலை. அதிகாரி கண்காட்சியைத் திறப்பதோ வேலைநாளில், காலை பதினோரு மணிக்கு. வயலையும் மில்லையும் விட்டுவிட்டு எவன் வருவான்? ஆனால் உள்ளூர்க்காரர் ஓவியத்தை ரசிக்கும் புகைப்படம் இல்லாவிட்டால் அடுத்த மானியம் கிடையாதாம்.

முதல் ஊரிலேயே அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "சுத்தியலை வச்சிட்டு இங்க வந்து நில்லுப்பா. கொஞ்சம் வியந்த மாதிரி பாரு."

"நேத்து நான்தானே சார் இதை மாட்டினேன்?"

"அது போட்டோவுக்குத் தெரியாது."

இதுவரை ஐந்து ஊர்களில் வியந்துவிட்டேன். அறிக்கையின்படி நான் ஐந்து ஊர்களிலும் பிறந்து வளர்ந்தவன். நேற்றுதான் அந்த மேதை அதிகாரிக்கு ஒரு குறை கண்ணில் பட்டது: எல்லாப் படத்திலும் ஒரே சட்டையாம். முகமும் ஒன்றுதான் என்பது இன்னும் படவில்லை.

ஆகவே உங்கள் பழைய சட்டைகளில் இரண்டை அனுப்பிவையுங்கள். லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார், முடிக்கிறேன். சட்டைகளைத் துவைக்க வேண்டாம் அப்பா, போட்டுக் கழற்றியபடியே அனுப்புங்கள்.