பக்க மூடியில் கசிந்த எண்ணெய்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் நலம். அப்படி எழுதித்தானே ஆரம்பிக்க வேண்டும். உண்மையில் நலமா என்று முழுக்கப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். நேற்று போனில் நான் வாயைத் திறப்பதற்குள், "தம்பி எல்லாம் சொல்லிட்டான், இனிமே நீ அந்த வண்டியைத் தொடாதே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

மழையில் வேகமாகப் போய் வழுக்கி விழுந்தேன் என்றுதானே உங்கள் தம்பி சொன்னார்? அன்று மழையே இல்லை. ரோடு காய்ந்து கிடந்தது.

என் அப்பா எனக்குக் கொடுத்த அந்தப் பழைய மோட்டார் சைக்கிளில், இன்ஜினின் பக்க மூடி வழியாக எண்ணெய் கசிந்தது உங்களுக்குத் தெரியும். மூடிக்கு அடியில் கசியாமல் அடைக்கிற தாள், அந்தக் கேஸ்கெட் நைந்திருக்கும், மாற்றினால் போதும் என்று நான்தான் சொன்னேன். உங்கள் தம்பி, "எங்கிட்ட விடுங்க அண்ணி" என்று தள்ளிக்கொண்டு போனார். சாயங்காலம் பளபளவென்று துடைத்துக் கொண்டுவந்து நிறுத்தினார். கசிவும் நின்றிருந்தது. நானும் நம்பி டீ போட்டுக் கொடுத்தேன்.

மறுவாரம் மகளைப் பள்ளியில் விடப் போகும்போது, தபால் ஆபீஸ் திருப்பத்தில் பின்சக்கரம் அப்படியே இழுத்துக்கொண்டு போனது. வண்டி என் இடது கை மேல் விழுந்தது. அவள் ஓரத்தில் கொட்டியிருந்த மணலில் விழுந்ததால் முழங்கால் சிராய்ப்போடு தப்பித்தாள். "அம்மா, டயரெல்லாம் எண்ணெய்" என்று முதலில் பார்த்தவள் அவள்தான்.

கைக்கட்டோடு நானே உட்கார்ந்து மூடியைக் கழற்றினேன். உள்ளே புது கேஸ்கெட்டே இல்லை. கிழிந்த பழசின் மேல் ஏதோ பசையைப் பிதுக்கி அப்பியிருந்தார். அதில் ஒரு துண்டு பிய்ந்து, அந்த இடைவெளி வழியாகத்தான் டயரில் எண்ணெய் கொட்டியிருக்கிறது; பிய்ந்த துண்டு உள்ளே எண்ணெய் போகிற ஓட்டையின் வாயில் தொங்கியது. இன்னும் கொஞ்சம் நகர்ந்து ஓட்டையை அடைத்திருந்தால், எண்ணெய் போகாமல் இன்ஜினே இறுகியிருக்கும். மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியதில் விளிம்பெல்லாம் வடு.

பசையைச் சுரண்டி, மண்ணெண்ணெயில் கழுவி, கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து மூடியை வைத்துத் தேய்த்தேன், விளிம்பு சமமாகும்வரை. கேஸ்கெட் தாளை மூடி மேல் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் அச்சு விழும். சட்டைக் காலர் வெட்டுகிற எனக்கு அதை வெட்டுவது பெரிய வேலையா? திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முறுக்கினேன். இப்போது ஒரு சொட்டு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் தம்பி ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வண்டியை வாங்க வந்தவராம். "அண்ணன் விக்கச் சொல்லிட்டாரு, சாவியைக் குடுங்க" என்றார். வண்டி என் பேரில் இருக்கிறது. நான் சாவிக்குப் பதிலாக, சுரண்டிய பசையையும் கிழிந்த கேஸ்கெட்டையும் ஒரு தட்டில் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். "விக்கிற வரைக்கும் தாங்கும்னு நெனச்சேன் அண்ணி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். பெரியவர் தட்டைப் பார்த்தார், என் கைக்கட்டைப் பார்த்தார். "இந்த வியாபாரம் எனக்கு வேண்டாம்மா" என்று எழுந்து போய்விட்டார். அந்த ஆத்திரத்தில்தான் உங்களுக்குப் போன் போயிருக்கிறது.

ஆக, நான் விழுவதற்கு முன்பே விற்பதாகப் பேசியாகிவிட்டது. பசை விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்காது என்று நம்புகிறேன். விற்கிற விஷயமாவது தெரியுமா, இல்லையா? அவர் சொன்னதை வைத்து அல்ல, உங்கள் வாயால் எனக்குப் பதில் வேண்டும். வண்டி இங்கேயேதான் இருக்கும். நான்தான் ஓட்டுவேன்.

அங்கே குளிர் தொடங்கிவிட்டதாமே, நெஞ்சுச் சளியை அலட்சியம் செய்யாதீர்கள். வேலைக்கு நடுவே நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நல்லபடியாகத் திரும்பி வாருங்கள்.

எலும்பில் விரிசல் என்கிறார் டாக்டர். அடுத்த முறை பேசும்போது, வேறு எதற்கும் முன்னால், கை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

இந்தக் கோபத்தைக்கூட உங்களிடம் மட்டுமே காட்ட முடிகிற,
உங்கள் மனைவி