சம்மாட்டியின் ஒருசந்தி

3 மார்ச் 1957, ஞாயிறு

பரணில் இருந்த விதைக்கடலை மூட்டையை எலி கடித்துவிட்டது. என் பூனை சம்மாட்டி பார்த்தான், பாய்ந்தான் — பாதி உயரம்கூடப் போகவில்லை, உரல் பக்கத்தில் தொப்பென்று விழுந்தான். எழுந்திருக்காமல் அப்படியே படுத்து மூச்சு வாங்குகிறான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அத்தை சிரிக்கவில்லை. "எலி புடிக்காத பூதத்துக்கு எதுக்குப் பால்சோறு? பாஸ்குத் திருநா வரைக்கும் பாப்பேன். அப்பறம் சாக்குல கட்டி வெராலிமலைக்கு அங்கிட்டு விட்டுட்டு வரச் சொல்லிருவேன்" என்றார்கள். சொன்னால் செய்கிறவர்கள். சாக்கைக்கூட எடுத்து ஆணியில் மாட்டிவிட்டார்கள். பொன்மலை ஒர்க்‌ஷாப்பிலிருந்து மாதம் ஒருமுறை வரும் என் வீட்டுக்காரருக்கு அம்மா பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

சம்மாட்டி என்று பெயர் வைத்தது அப்பா. எங்கள் மணமேல்குடியில் படகு முதலாளியை அப்படித்தான் சொல்வார்கள். குட்டியிலேயே இவனுக்கு முதலாளி நடையாம். அப்பா போய்விட்டார். அந்த வீட்டிலிருந்து எனக்கென்று மிச்சம் இருப்பது இந்தப் பூனை ஒன்றுதான். விடமாட்டேன்.

5 மார்ச், செவ்வாய்

பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, சம்மாட்டியைக் கூடையில் தூக்கிக்கொண்டு கீரனூர் மாட்டு டாக்டரிடம் போனேன். பஸ் கண்டக்டர் கூடைக்குள் எட்டிப் பார்த்து, ஆட்டுக்குட்டியா என்றான். டாக்டரும் முதலில் சிரித்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். உடம்பெல்லாம் கொழுப்பு, இப்படியே விட்டால் ஒருநாள் மூச்சு நின்றுவிடும் என்றார். பால்சோறு கூடாது. காலையும் மாலையும் அவித்த மீன் கொஞ்சம். பட்டினியும் போடக் கூடாது, படிப்படியாகத்தான் இளைக்க வேண்டும். நன்றாக ஓட விடுங்கள் என்றார்.

இவ்வளவுதானா! வழி இருக்கிறது! வரும்போது பஸ்ஸில் பாடிக்கொண்டே வந்தேன் போலிருக்கிறது, பக்கத்தில் இருந்தவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வந்ததும் கடலை நிறுக்கும் தராசில் அவனை வைத்து, அவன் எடைக்குச் சரியாக ஒரு கல்லைத் தேடி எடுத்து மாடத்தில் வைத்திருக்கிறேன். அந்தக் கல்லை இவன் ஜெயிக்க வேண்டும்.

6 மார்ச், விபூதிப் புதன்

நாக்குக்குப் பிடித்த ஒன்றை, பாஸ்குக்கு முந்தின நாற்பது நாள் தபசுக்காலம் முடியும்வரை விட்டுவிடுங்கள், விட்டதைப் பசித்தவனுக்குக் கொடுங்கள் என்று பிரசங்கத்தில் சாமியார் சொன்னார். நான் காப்பியை விட்டேன். சம்மாட்டி பால்சோற்றை விட்டான். அவனை யார் கேட்டது!

பூனைக்கும் ஒருசந்தி நோன்பா என்று அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

9 மார்ச்

கத்துகிறான். தெருவுக்கே கேட்கிறது. காதைப் பொத்திக்கொண்டு கணக்கு நோட்டுத் திருத்தினேன்.

17 மார்ச்

இன்று கத்தவே இல்லை. பழகிவிட்டான்! என் ராஜா!

24 மார்ச், ஞாயிறு

ஆசை ஆசையாய்த் தராசில் வைத்தேன். கல் மேலே போய்விட்டது. கல்லு மேல போகுது! எப்படி? யார் கொடுக்கிறார்கள்?

அத்தையை ஒரு பார்வை பார்த்தேன். "என்னை எதுக்குப் புள்ள மொறைக்கிற? எனக்கென்ன கிறுக்கா?" என்றார்கள். அதுவும் நியாயம்தான். நாளைக்குப் பின்னாலேயே போய்ப் பார்த்துவிடுகிறேன்.

25 மார்ச்

கண்டுபிடித்துவிட்டேன்!

பள்ளிக்கூடம் விட்டதும் அவன் பின்னாலேயே போனேன். நிஜமாகவே முதலாளி நடை. இன்னாசி கொத்தனார் வீட்டு வாசலில் சுட்ட கருவாடு. அடுத்து வியாகுலமேரி வீட்டில் முட்டை. அதற்கடுத்த வீட்டில் பாலும் நெய்ச்சோறும். ஒவ்வொருவரும் தபசுக்கு விட்டது அத்தனையும் இவன் வயிற்றில்! இன்னாசியைப் பிடித்துக் கேட்டேன்.

"பசிச்சவனுக்குக் குடுக்கச் சொன்னாரு சாமி. இந்தத் தெருவுல பசிச்சு அழுகுறது ஒங்க பூனை ஒண்ணுதாங்க டீச்சர்."

நடுத்தெருவில் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தேன். நான் சோற்றைக் குறைத்தேன், அவன் கத்தினான், தெருவே தவம் செய்து அவனைக் கொழுக்க வைத்திருக்கிறது. வீட்டுக்கு ஓடிவந்து அத்தையிடம் மூச்சு விடாமல் சொன்னேன். அவர்கள் சிரிக்கவில்லை.

"கத்துனாத்தான் பசியா? ஊருணிக்கரையில செங்கமலம் வீட்ல அடுப்பு ஒழுங்கா எரிஞ்சு எம்புட்டு நாளாச்சு. அவ கத்துனாளா?"

செங்கமலத்தின் புருஷன் கால் ஒடிந்து கிடக்கிறான். தினமும் அவளைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறேன். அவள் சிரிப்பாள், நானும் சிரிப்பேன். அவ்வளவுதான்.

27 மார்ச்

அத்தை தெருவை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். வீடு வீடாய்ப் போய் ஒரு சத்தம் போட்டார்கள், சாயங்காலம் சட்டி நிறைந்துவிட்டது. நான்தான் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். செங்கமலம் தொடமாட்டேன் என்றுவிட்டாள். சும்மா வாங்கித் தின்று பழக்கமில்லையாம். வீண் ரோஷம் என்று நான் நினைத்தேன். அத்தைக்கோ அது பிடித்துப் போய்விட்டது.

"சும்மா யாரு குடுத்தா? எங்க வீட்டுப் பூதத்தைப் பகல்ல நீதான் மேய்க்கணும். அதுக்குக் கூலி இது."

சாக்கை ஆணியில் மாட்டியவர்களா இவர்கள்?

2 ஏப்ரல்

பார்த்தேனே! செங்கமலம் கயிற்றில் கோழி இறகைக் கட்டி வரப்பில் இழுத்துக்கொண்டு ஓடுகிறாள். பின்னால் சம்மாட்டி, தொந்தி இங்கிட்டும் அங்கிட்டும் ஆட. திண்ணையில்லாத அந்தக் குடிசை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அவள் புருஷன் கருப்பன், "ஓடுய்யா சம்மாட்டி" என்று கை தட்டுகிறான். நானும் கொண்டையை முடிந்துகொண்டு கூடவே ஓடினேன். டீச்சர் என்பதே மறந்துவிட்டது.

14 ஏப்ரல், குருத்தோலை ஞாயிறு

கல் கீழே! கல் கீழே! சம்மாட்டி மேலே! அத்தையைக் கட்டிப் பிடித்துவிட்டேன். "சீ, விடு புள்ள" என்றார்கள். ஆனால் சாக்கு இன்னும் ஆணியில்தான் இருக்கிறது. எலியும் பரணில்தான் இருக்கிறது.

21 ஏப்ரல், பாஸ்கு

பூசை முடிந்து வந்து கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அத்தை ஒரே சத்தம் போட்டார்கள். தீர்ந்தது, சாக்கைத்தான் எடுத்துவிட்டார்கள் என்று ஓடினேன்.

அத்தை கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கீழே ஒரு பெருச்சாளி, மல்லாந்து. பக்கத்தில் அவன், வாலைச் சுருட்டிக்கொண்டு. பரணிலிருந்து குதித்து நேரே இங்கேதான் கொண்டுவந்தானாம். என்னிடம் இல்லை, அத்தையிடம்.

"இங்கிட்டு வந்து பாரு புள்ள, ஒன் சம்மாட்டி செஞ்ச வேலைய" என்றார்கள்.

பூதம் இல்லை. சம்மாட்டி. அப்பா வைத்த பெயரை அவர்கள் வாயால் இன்றைக்குத்தான் கேட்டேன். அம்மியடிக்குப் போய் உட்கார்ந்து அழுதுவிட்டேன். மிளகாய்க் காந்தல் என்று சொல்லிக்கொண்டேன்.

28 ஏப்ரல், ஞாயிறு

தபசுக்காலம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. சாயங்காலச் சட்டி இன்றும் ஊருணிக்கரைக்குப் போனது. நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. அத்தையும் சொல்லவில்லை.

ஆணியில் சாக்கைக் காணோம். வீடெல்லாம் ஓடினேன். தேடினால், நாலாய் மடித்து அத்தை கட்டிலுக்கு அடியில் விரித்திருக்கிறது. அதன்மேல் சம்மாட்டி தூங்குகிறான்.

ஏன் அத்தை என்று கேட்டேன். வெறுந்தரை அவனுக்குக் குளிருமாம். சித்திரை வெயிலில்!