ரமிரோ ஊறவைத்த ஜாடி

கார்பெர்வில், கலிபோர்னியா
அக்டோபர் 19

என் தங்கம் இட்செலுக்கு, பாட்டி எபிஃபானியா ஆசையோடு எழுதுவது. குவாதலூப்பே மாதா புண்ணியத்தில் நான் இருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

இங்கே அறுவடை முடிந்தது. இந்த வருஷம் நம் கஞ்சாச் செடிகள் உன் மாமா கொட்டகையில்தான் தலைகீழாகக் காய்கின்றன. மூடுபனி வந்ததும் என் முழங்கால் வலியும் தொடங்கிவிட்டது. நீ வெள்ளைக் கோட்டு போட்டு எடுத்த படத்தைப் பக்கத்துப் பண்ணை செனோபியாவிடம் மறுபடி காட்டினேன். "இன்னும் எத்தனை தடவடி காட்டுவே?" என்று சலித்துக்கொண்டாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேத்தி, உரிமம் வாங்கிய ஆலையில் கஞ்சா எண்ணெய் வடிக்கிறாள். காட்டாமல் இருப்பேனா?

உன் அண்ணன் ரமிரோ அடக்கத்துக்கு நீ வரவில்லை. ஏனென்று உன் அம்மா சொன்னாள். "எண்ணெய் வடிக்க எந்த முறை நல்லதுன்னு கேட்டான். பியூட்டேன்னு நான்தானே சொன்னேன்" என்று போனில் அழுதாயாம்.

கண்ணு, ரமிரோ உன்னிடம் அதைக் கேட்டது என் அடுப்படியில் வைத்து. போனை மேசைமேல் போட்டுச் சத்தமாக விட்டிருந்தான். நான் மாவு பிசைந்துகொண்டே எல்லாம் கேட்டேன். சாராயத்தில் ஊறவைத்தால் இலையின் பச்சையும் கசப்பும் சேர்ந்து இறங்கும் என்றாய். கரியமில வாயு சுத்தம், ஆனால் அந்த இயந்திர விலைக்கு ஒரு வீடே கட்டலாம் என்றாய். பியூட்டேன் வாயுவில்தான் பூவின் மணம் அப்படியே வரும் என்றாய். அதோடு நீ நிறுத்தவில்லையே! "அண்ணே, வீட்ல மட்டும் அதத் தொடாத. அந்த வாயுவுக்கு வாசனையே கெடையாது, தரையோட படுத்துக் கெடக்கும். மூடின இயந்திரமும் தனி அறையும் வேணும். பூவ எங்கிட்ட கொண்டா" என்றாய். அவன்தான் சிரித்தான். "சரிங்க டாக்டரம்மா! பாட்டி, உன் பேத்திக்குப் படிப்பு ஏற ஏற பயமும் ஏறுது" என்றான்.

கடைசியில் நம் கொட்டகையிலேயே பியூட்டேனைத் திறந்திருக்கிறான். கஞ்சா மணம் ரோட்டுக்குப் போகக் கூடாதென்று கதவையும் சாத்திக்கொண்டிருக்கிறான். மூலையில் நம் பழைய ஃபிரிட்ஜ். அது தானாக ஓடத் தொடங்கியபோது விழுந்த பொறியில்தான் வாயு வெடித்தது என்று தீயணைப்புக்காரர் சொன்னார். சிகரெட்டையும் லைட்டரையும் என் மேசையிலேயே வைத்துவிட்டுத்தான் போனான், பாவி. அந்த மட்டுக்கும் நீ சொன்னதைக் கேட்டிருக்கிறான்.

போவதற்கு முன் என் முழங்காலுக்குச் சாராயத்தில் இலை போட்டு ஜன்னலில் வைத்திருந்தான். "உன் பச்சைத் தண்ணிய எவனும் வாங்க மாட்டான் பாட்டி" என்று கேலி செய்துகொண்டேதான் எப்போதும் ஊறவைப்பான். இப்போது அது நன்றாக ஊறிக் கருத்து நிற்கிறது. நான் திறக்கவில்லை. திறந்தால் தீர்ந்துபோகும்.

இறந்தோர் நாளுக்குப் பீடம் போட்டாயிற்று. உன் தாத்தா படம் இருக்கிறது, சாமந்தி இருக்கிறது. ரமிரோ படத்தை உள்ளே பெட்டியில் வைத்திருக்கிறேன். அதை வைக்க என் கை வரவில்லை. நீ வந்து வை. பிறகு அந்த ஜாடியைத் திறந்து என் காலுக்குத் தேய்த்துவிடு. இரண்டு பேரும் எனக்குச் செய்ததாக இருக்கட்டும்.

மாதா உன் கைகளைக் காக்கட்டும். அந்தக் கைகளில் ஒரு குற்றமும் இல்லை.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
பாட்டி எபிஃபானியா