அப்பா கேட்ட பர்கர்

குயெங்கா, எக்வடோர்
சனிக்கிழமை, மதியம்

அன்பு மகள் ஷெல்பிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சின்னவன் கோரியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நானே எடுத்துக்கொள்கிறேன். நாங்களும் இங்கே சுகம் என்று அடுத்த வரியை எழுதிப் பழகிய கை, இந்தத் தடவை அந்த இடத்தில் நின்றுவிட்டது. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இந்த வீட்டில் அப்பாவின் காதுக்கு எட்டாத இடம் கிடையாது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினால், எதற்காகத் திறக்கிறேன் என்பதும் அவருக்குத் தெரிந்துபோகிறது. மாடியில் குடியிருக்கும் மார்ஜி நாளை ஓஹாயோவுக்கு விமானம் ஏறுகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

அப்பா சாப்பிடுவதை நிறுத்தி இன்றோடு பத்தொன்பது நாள். குடலில் அறுவை முடிந்து மருந்து ஏற்றியதெல்லாம் உனக்குத் தெரியும், அதற்குப் பிறகு வாய்க்கு எதுவுமே பிடிக்கவில்லை. சூப்பு, கஞ்சி, முட்டை, வாழைப்பழம், எதைக் கொண்டுபோனாலும் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். போன வாரம் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள், அன்று மாலையே தன் கையாலேயே பிடுங்கி எறிந்துவிட்டார், மறுபடி போடச் சம்மதிக்கவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வேறு வாங்கிக்கொண்டார். டாக்டர் பாரெதெஸ் சின்னப் பெண்தான், உன் வயதுதான் இருக்கும், ஆனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். திங்கட்கிழமைக்குள் வாய் வழியாக ஏதாவது உள்ளே போகவில்லையென்றால் குழாய், அதுவும் வேண்டாமென்றால் மேலே தன்னால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். அவருக்கு எதன் மேல் ஆசை என்று கேளுங்கள், எதுவாக இருந்தாலும் கொடுங்கள் என்றாள். கேட்டேன். கண்ணைத் திறக்காமலே பர்கர் என்றார். நம் ஊரில் அவர் வேலை பார்த்த, வண்டி அச்சு கடையும் ஆலையின் வாசலுக்கு எதிரே ஆர்லீன் இரும்புக் கல்லில் தட்டிப் போடுவாளே, அது.

இதென்ன பெரிய காரியம், இரண்டாயிரம் அமெரிக்கர் வந்து குவிந்திருக்கிற ஊரில் ஒரு பர்கர் கிடைக்காதா என்றுதான் கிளம்பினேன். முதலில் டெக்சாஸ்காரன் கிளின்ட் கடைக்குப் போனேன், வாசலில் கொடி, சுவரில் மாட்டுக் கொம்பு, உள்ளே முழுக்க நம் ஆட்கள், ஏழு வருடமாக இங்கே இருந்துகொண்டு நன்றி என்பதைக்கூட ஸ்பானியத்தில் சொல்லத் தெரியாதவர்கள். அவன் கொடுத்ததில் ஆட்டுப்பால் சீஸும் கசப்புக் கீரையும் இருந்தன, கறியில் முட்டையும் ரொட்டித் தூளும் சேர்த்துப் பிசைந்திருந்தான். அப்பா மோந்து பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் போடுகிற சாப்பாடு மாதிரி இருக்கிறது என்றார். அவருக்கு என் அம்மாவை எவ்வளவு பிடிக்கும் என்பதுதான் உனக்குத் தெரியுமே. மறுநாள் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ளூர்க்காரர்கள் போடும் கடையில் வாங்கினேன். அதற்குள் பன்றிக்கறித் துண்டு, பொரித்த முட்டை, அன்னாசி வட்டம், மேலே ஒரு கைப்பிடி உருளைக்கிழங்குச் சீவல். அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், இன்றைக்கு எனக்குப் பிறந்தநாளா என்று கேட்டார், திரும்பிப் படுத்துக்கொண்டார். மூன்றாவதாக ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கிற, வெளிநாட்டுப் பெயர் போட்ட கடை. அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட விடவில்லை.

சரி, வீட்டிலேயே செய்கிறேன் என்று இறங்கினேன். புதன்கிழமை செய்ததைக் கடிக்கவே முடியவில்லை, காய்ந்த களிமண் மாதிரி உதிர்ந்தது. வியாழக்கிழமையும் அதேதான். கல்லைக் குறை சொன்னேன், அடுப்பைக் குறை சொன்னேன், மலை ஊர்க் காற்றைக்கூடக் குறை சொன்னேன். வெள்ளிக்கிழமை சந்தையில் நான் வழக்கமாகக் கறி வாங்கும் ரொசாரியோவிடம் போய், நீ எந்தக் கிழட்டு மாட்டைத் தலையில் கட்டுகிறாய் என்று கத்திவிட்டேன். அவ்வளவு பேர் முன்னால் கத்தினேன் ஷெல்பி, நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அவள் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

"மாட்டுக்கு ஒண்ணுமில்லக்கா. நீங்கதான் வந்த புதுசுல ஒரு பொட்டுக் கொழுப்பு இருக்கக் கூடாதுன்னு திருப்பித் திருப்பி அனுப்பினீங்க. உங்க ஊரு ஆளுங்க அத்தன பேரும் அதத்தான் கேட்டீங்க. சுரண்டிச் சுரண்டி என் விரலே போச்சு. இப்பக் கொழுப்பு எங்கேன்னு என்னையக் கேட்டா? நாய்க்குப் போட்டாச்சு."

அவள் சொன்னது முழுக்க உண்மை. அப்பாவுக்கு ரத்தக் கொழுப்பு என்று ஊரில் டாக்டர் பயமுறுத்திய நாளிலிருந்து வெள்ளையாக எதைப் பார்த்தாலும் வெட்டச் சொன்னவள் நான்தான். பர்கருக்கு நாலு பங்கு கறியோடு ஒரு பங்கு கொழுப்பு சேராவிட்டால் அது செருப்புத் தோல்தான் என்பது எனக்குத் தெரியாததா? ஏழு வருடத்தில் மறந்தே போயிருக்கிறேன். இந்த ஊருக்கு நாங்கள் எதற்கு வந்தோம்? முப்பத்தொரு வருடம் அச்சு கடைந்தவரை ஆலையை மூடி வெளியே தள்ளினார்கள், மருத்துவக் காப்பீடும் அதோடு போயிற்று, மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு உயிரோடு இருக்க வேண்டுமென்றால் நாட்டை விட்டே போக வேண்டியிருந்தது. வந்த இடத்தில் சும்மா இருந்தோமா? நம் கூட்டம் வந்து வாடகையை ஏற்றிவிட்டதில் இந்த ரொசாரியோவின் மகள் குடும்பம் ஊருக்கு வெளியே மலைச்சரிவுக்குப் போய்விட்டது, அவள் கறியையும் நம் இஷ்டத்துக்கு மாற்றிவிட்டோம், பிறகு நானே போய் அவளைத் திட்டுகிறேன். அங்கேயே நின்று மன்னிப்புக் கேட்டேன், அப்பா சாப்பிடாமல் கிடப்பதையும் சொன்னேன். நாளைக்கு ஏழு மணிக்கு வாங்க, சுரண்டுறதுக்கு முன்னாடி எடுத்து வைக்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

இன்று காலை போனேன். கழுத்துக் கறியும் நெஞ்சுக் கறியும் கொழுப்போடு அரைத்து வைத்திருந்தாள், கையில் வாங்கும்போதே பிசுபிசுவென்று ஒட்டியது. உப்புகூடச் சேர்க்காமல் உருண்டை பிடித்து, புகைகிற கல்லில் வைத்து, வாணலியின் அடிப்பாகத்தால் அழுத்தித் தட்டினேன், மேலே வெங்காயத்தைத் தூவி அதையும் சேர்த்து அழுத்தினேன். ஓரம் கறுத்து மொறுமொறுவென்று ஆனதும் சுரண்டித் திருப்பினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்று விற்கும் மஞ்சள் சீஸ் ஏடு ஒன்றை வைத்து, பன்னை அதன் மேலேயே கவிழ்த்து மூடி ஆவியில் வேகவிட்டேன். எண்ணெய்ப் புகை வீடு முழுக்க நிறைந்துவிட்டது, மாடியிலிருந்து மார்ஜி ஓடி வந்து தீப்பிடித்துவிட்டதா என்று கேட்டாள். உள்ளேயிருந்து அப்பா, அவளைப் போகச் சொல், அவளுக்குக் கிடையாது என்றார். அந்தக் குரல் வெளியே வந்து எத்தனை நாளாயிற்று தெரியுமா.

தலையணை இரண்டு வைத்து உட்கார வைத்தேன். நாலு வாய் சாப்பிட்டார். நானும் கூடவே எண்ணினேன், ஒவ்வொரு வாயையும் மெல்லுவதற்கு அவ்வளவு நேரம் எடுத்தது, கொழுப்பு தாடையில் வழிந்தது, துடைக்க விடவில்லை. மீதியைத் தள்ளி வைத்துவிட்டு, "வெங்காயம் தடிமன் லோர்னா, நாளைக்கு இன்னும் மெல்லிசா நறுக்கு" என்றார். நாளைக்கு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரும் என்று நான் நினைக்கவில்லை.

இதைக் கேட்டு நீ சந்தோஷப்படுவாய், பட்டுக்கொள். ஆனால் டாக்டரம்மா சந்தோஷப்படவில்லை. போனில் சொன்னதும் நல்லது என்றாள், திங்கட்கிழமையை வியாழக்கிழமை ஆக்கியிருக்கிறாள், அவ்வளவுதான். நாலு வாயில் மனிதர் பிழைத்துவிட மாட்டார், உன்னிடம் அதை மறைக்க எனக்குத் தெம்பில்லை. நாளையும் செய்வேன், அதற்கு மறுநாளும் செய்வேன்.

கோரிக்குக் காது வலி வந்தால் சும்மா எண்ணெய் விடாதே, காட்டு. நீ வேளைக்குச் சாப்பிடு, காரில் உட்கார்ந்தபடி தின்பதெல்லாம் சாப்பாடு இல்லை. நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேர் ஆசியும் எப்போதும் உண்டு.

முக்கியமானதை மறந்துவிடாதே. நீ வேலை பார்க்கும் கிடங்கில் பெற்றவர் சாகக் கிடந்தால் விடுப்பு கிடையாது, செத்த பிறகு மூன்று நாள் தருவார்கள் என்று போன மாதம் அழுதாய். அந்த மூன்று நாளை இப்போதே வாங்கு. அப்பா போய்விட்டார் என்று சொல், சொல்லிவிட்டு வந்துவிடு, வியாழனுக்குள். தப்பாக நினைத்துக்கொள்வாரோ என்று பயப்படாதே, அவரிடமே கேட்டுவிட்டேன். "சொல்லட்டும், ஆனா அழுதுக்கிட்டே சொல்லச் சொல்லு, அவனுங்க அப்பத்தான் நம்புவானுங்க" என்றார்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அம்மா
லோர்னா