பனி பூசிய தாள்

2 ஆகஸ்ட் 1982, திங்கள்

இருபத்து நாலு தாளாம். கௌஸ் மைதீன் சார் இன்றைக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, கடையில் வடை சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். அக்டோபர் பதினைந்துக்குள் வரைந்து, வண்ணம் தீட்டி, அட்டையில் ஒட்டி, தொகுப்பாகக் கட்டி அவர் கையில் கொடுக்க வேண்டும். அது சென்னைக்குப் போகும். தேறினால்தான் ஓவியக் கல்லூரி. பன்னிரண்டாம் வகுப்பில் ஓவியம் எடுத்தது நாலே பேர். பெண் நான் ஒருத்தி.

எல்லாம் நேரில் பார்த்து வரைந்ததாக இருக்க வேண்டும். தாளின் பின்பக்கம் தேதி, நேரம், இடம், அங்கே என்ன நடக்கிறது என்று நாலு வரி. காலண்டரைப் பார்த்து மயில் போடுகிற கதையெல்லாம் நடக்காது என்று என்னைப் பார்த்தே சொன்னார். போன வருஷம் ஒரே ஒரு மயில். இன்னும் மறக்கவில்லை மனுஷன்.

11 ஆகஸ்ட்

கடையில் விசாரித்தேன். தாள் ஒன்று ஒன்றேகால் ரூபாய். வீணாவதையும் சேர்த்தால் நாற்பதாவது வேண்டும். குழாய் வண்ணப் பெட்டி முப்பத்தெட்டு, பிரஷ் தனி. அம்மாவிடம் முதலில் தாள் விலையை மட்டும்தான் சொன்னேன். வண்ணப் பெட்டி விலையைச் சொன்னபோது வெளியே வலை தைத்துக்கொண்டிருந்த நைனாவின் கை நின்றது. பார்க்கலாம் என்றார். இந்த மாதம் ஏரியில் வலை கட்ட அவருக்குப் பாடு மூன்றே நாள். அதிலும் இறால் இல்லை.

24 ஆகஸ்ட்

எட்டுத் தாள் முடிந்தது. மணிக்கட்டு வீங்கிவிட்டது. கணக்கு வீட்டுப்பாடம் செய்யாததற்கு இன்று பெஞ்சு மேல் ஏறி நின்றேன்.

பக்கத்து வீட்டு வசந்தா கூடையோடு இரண்டு மணி நேரம் எனக்காக உட்கார்ந்தாள். எட்டாவதோடு நின்றுவிட்டவள், என்னைவிட வாய் ஜாஸ்தி. மூக்கை இவ்வளவு பெரிதாகப் போட்டால் எவன் கட்டுவான் என்று ஒரே சண்டை. அவள் அப்பா பொன்னுரங்கம் மாமா, நான் கரையிலேயே வரைந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, பசியாவரம் வரைக்கும் தன் படகில் கூட்டிப்போனார். எண்ணெய்ச் செலவு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

6 செப்டம்பர், திங்கள்

விடிவதற்கு முன்னால் வடக்கு மேட்டில் போய் உட்கார்ந்தேன். வெளிச்சம் வந்ததும் பார்த்தால் தண்ணீருக்கு நடுவில் ஒரு படகு, கழி நட்டு வலை சுற்றிக்கொண்டு ஒரே ஒரு ஆள். முகப்பில் தகர ஒட்டு. அட, நம்ம நைனா! அவர் என்னைப் பார்க்கவில்லை. கூப்பிட்டால் நிமிர்ந்துவிடுவார், அந்த முதுகு வளைவு போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டு வரைந்தேன். பென்சிலில்தான். இதுவரை போட்டதில் இதுதான் படம்.

பின்பக்கம் இப்படி எழுதினேன்: “6.9.82, காலை 5.40, வடக்கு மேடு. ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களைச் சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொள்வோம். அவரவர் முறை நாளில்தான் அந்த இடத்தில் வலை கட்டலாம். இதற்குப் பாடு என்று பெயர். வலை கட்டுபவர் என் தந்தை.” சென்னைக்காரர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது.

7 செப்டம்பர்

வண்ணப் பெட்டி வந்துவிட்டது!! பிரஷ்ஷும்.

நேற்றுக் காலை போன நைனா இன்று சாயங்காலம்தான் வந்தார். இறாலைச் சுண்ணாம்புக்குளம் வரை கொண்டுபோய் விற்றாராம். பழவேற்காட்டிலேயே ஏலம் இருக்கும்போது இன்னாத்துக்கு அவ்வளவு தூரம் என்று அம்மா கேட்டாள். அங்கே விலை நல்லா போவுது என்றார். சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

9 செப்டம்பர்

வடக்கு மேட்டுப் படத்துக்கு வண்ணம் போட்டு எடுத்துப்போனேன். சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். தொகுப்பில் இது முதல் தாளாக இருக்கட்டும் என்றார். எனக்குக் காது வரைக்கும் சிரிப்பு.

12 செப்டம்பர், ஞாயிறு

கோயில் முன்னால் ஊர் கூடியது. பெண்கள் வேலியோரம் நின்று கேட்டோம்.

துளசிங்கம் என்பவர்தான் பிராது கொடுத்தவர். ஆவணி இருபத்தொன்று, திங்கட்கிழமை, வடக்கு மேட்டுப் பாடு அவருடையது. போய்ப் பார்த்தால் சேறு கலங்கிக் கிடந்ததாம், கழி நட்ட குழி இருந்ததாம். யாரோ அவருக்கு முன்னால் திருட்டு வலை போட்டுவிட்டார்கள். அன்றைக்குப் பழவேற்காட்டு ஏலத்தில் ஒரு கூடை இறால் கொண்டுபோனது பொன்னுரங்கம் மாமா. கால்வாயில் பிடித்தேன் என்கிறார். பார்த்தவர் யாரும் இல்லை.

திங்கட்கிழமை. வடக்கு மேடு. நான் படம் போட்ட அதே நாள், அதே இடம்.

மாமா எழுந்து நின்றார். “நான் போடல. எம்பொண்ணு வசந்தா மேல சத்தியமா நான் போடல.” ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்துக்கொண்டே சொன்னார். நைனா முகத்தையும் பார்த்தார். நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

ஆறு மாதம் பாடு கிடையாது என்று தீர்ப்பு. வசந்தா என் பக்கத்தில்தான் நின்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

13 செப்டம்பர்

பள்ளிக்குப் போகவில்லை. அம்மா ஏலத்துக்குப் போனதும் அந்தத் தாளை நைனா முன்னால் வைத்தேன். வைத்தேன், அவ்வளவுதான்.

ரொம்ப நேரம் பார்த்தார். தகர ஒட்டை விரலால் தொட்டார். “நீ அங்கயா இருந்த?” என்றார்.

சொல்லிவிடலாம் நைனா என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நேத்தே எழுந்து சொல்லியிருந்தா ஆறு மாசம். ஒருத்தன் சத்தியம் பண்றப்ப உக்காந்து பார்த்துக்கினு இருந்தேனே. இப்ப சொன்னா நம்மள ஊர்லயே வெக்க மாட்டாங்க கண்ணு. உனக்கு அந்தப் பொட்டி வேணும்னுதான் போனேன்.”

எனக்காகவாம். நானா திருடச் சொன்னேன்? கேட்டது நான்தானே? கடைக்குப் போய் விலை விசாரித்துக்கொண்டு வந்தது யாரு? ஐயோ, அந்த இறாலை விற்ற காசில் வாங்கின வண்ணத்தாலேயே அந்த இறால் பிடிக்கிறதைத் தீட்டியிருக்கிறேனே!

அந்தத் தாளை என்ன செய்வது என்று கேட்டேன். நீயே பாரு என்று எழுந்து போய்விட்டார்.

14 செப்டம்பர்

கிழித்துவிடத்தான் எடுத்தேன். முடியவில்லை. இந்த மாதிரி இன்னொன்று எனக்கு வராது. முழுக் காரணமும் அதுதான், வேறு நல்ல காரணம் எதுவும் இல்லை. இங்கேயாவது பொய் எழுதக் கூடாது.

வெள்ளை வண்ணத்தைக் கெட்டியாகக் கரைத்து, படகு மேல் பனி மாதிரி பூசினேன். முதலில் முகப்பு. பிறகு கழிகள். பிறகு முதுகு. மூன்று தடவை பூசின பிறகுதான் முதுகு மறைந்தது. பின்பக்கத்து எழுத்தின் மேல் வேறு காகிதம் ஒட்டி, “வடக்கு மேடு, விடியற்காலை, பனி” என்று எழுதினேன். தேதி போடவில்லை.

படம் முன்னைவிட நன்றாக இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

20 செப்டம்பர்

“இங்க ஒரு படகு இருந்ததேம்மா” என்றார் சார்.

சரியாக வரவில்லை, அழித்துவிட்டேன் என்றேன். அவர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “ஆவணி மாசத்துல ஏது பனி?” பிறகு அவரே தாளைத் தொகுப்புக்குள் வைத்தார், முதலில் இல்லை, நடுவில்.

3 அக்டோபர்

வசந்தா இறால் உரிக்கிற கொட்டகைக்கு வேலைக்குப் போகிறாள். விரலெல்லாம் வெடிப்பு. இன்னும் எத்தனை தாள் பாக்கி, எல்லாம் முடிந்ததா என்று விசாரித்தாள். ஐந்து என்றேன். சீக்கிரம் முடிடீ, நீயாவது போய்ச் சேரு என்றாள். அவளிடம் சரியாகப் பேசக்கூட முடியவில்லை. கோபம் கோபமாக வருகிறது, அவள் மேலேயே வருகிறது.

15 அக்டோபர்

கொடுத்துவிட்டேன். இருபத்து நாலு.

29 அக்டோபர்

ஏரியில் இடம் இல்லாததால் பொன்னுரங்கம் மாமா கடலுக்குப் போக ஆரம்பித்திருக்கிறார். வாடகைக் கட்டுமரம். காட்டுப்பள்ளிப் பக்கம் ஆட்களோடு போகிறாராம். ஏரிக்காரருக்குக் கடல் பழக்கம் ஏது? மழைக்காலம் வேறு. அம்மா இதைச் சொன்னபோது நைனா சோற்றில் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கை கழுவினார்.

இன்னும் நாலரை மாதம். மார்ச்சு வந்தால் முடிந்துவிடும். மார்ச்சில் எல்லாம் சரியாகிவிடும்.

4 நவம்பர்

வானம் செம்மண் நிறத்தில் இருக்கிறது. வாடைக் காற்று. ரேடியோவில் கடலுக்குப் போக வேண்டாம் என்கிறார்கள். மாமா நேற்று மத்தியானமே போய்விட்டார்.

6 நவம்பர்

கட்டுமரம் காட்டுப்பள்ளிக்குத் தெற்கே ஒதுங்கியது. கூடப் போன இரண்டு பேரும் நீந்தி வந்துவிட்டார்கள். மாமாவைக் காணோம். ஊர் மொத்தமும் கரையில் நிற்கிறது. துளசிங்கமும் நிற்கிறார். நைனா படகை எடுத்துக்கொண்டு முகத்துவாரத்துக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. யார் சொல்லியும் கேட்கவில்லை.

8 நவம்பர்

நைனா வந்துவிட்டார். தனியாக.

17 நவம்பர்

சென்னையிலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். என் தொகுப்பு தேறிவிட்டது. பனித் தாளைப் பற்றித் தனியாக இரண்டு வரி எழுதியிருக்கிறார்களாம். சார் அந்த இரண்டு வரியைப் படித்துக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

22 நவம்பர்

மத்தியானம் வசந்தா வந்தாள். கையில் சுருட்டிய தாள் ஒன்று. நான் வாங்கும் அதே தாள், ஒன்றேகால் ரூபாய்த் தாள். நனையாமல் முந்தானைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

“அப்பாவோட போட்டோ ஒண்ணுகூட கெடையாது குணசுந்தரி. சாமி கும்பிட வெக்கணும். நீ போட்டுக் குடுப்பியா?”

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும். எவ்வளவு ஆகும் என்று வேறு கேட்டாள். போடி என்றேன்.

அவள் போனதிலிருந்து பென்சிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும், பிறந்ததிலிருந்து பார்த்த முகம். ஆனால் கோயில் முன்னால் எழுந்து நின்று, நான் போடல என்று ஒவ்வொருத்தராகப் பார்த்தாரே, அந்த முகம்தான் வருகிறது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். திரும்பவும் அதுதான் வந்தது. தாள் ஒன்றுதான் இருக்கிறது, இதற்கு மேல் அழித்தால் கிழிந்துவிடும். நாளைக்குக் காலையில் வசந்தா வாங்க வருவாள்.