இன்ஸ்டா இல்லாத ரெண்டு நாள்

புதன், ராத்திரி.

திங்கட்கிழமை கம்பெனியில சாம்பிள் டீ-சர்ட்டைப் பிடிச்சு செல்பி எடுத்து இன்ஸ்டாவுல போட்டுட்டேன். இன்னும் கடைக்கே வராத டிசைன். "ஏனுங்கக்கா, துணி வாங்குற பையர் பாத்தா ஆர்டரே போயிருமுங்க"ன்னு சூப்பர்வைசர் பதறிட்டார். போட்டோவை உடனே நீக்கிட்டேன். எம்மேலயே வந்த கோவத்துல போன்லருந்து இன்ஸ்டாவையே அழிச்சேன். நிம்மதியாத்தான் இருந்துச்சு.

இன்னைக்கு சாயங்காலம் கோவில்பட்டியிலிருந்து மாமியார் போன். நாங்க திருப்பூருக்குத் தனியா வந்ததிலிருந்து எங்கிட்ட பேசாதவங்க.

"ரெண்டு நாளா உன் போட்டோவே காணோமே, மேலுக்கு முடியலையா?"ன்னு கேட்டாங்க.

ஒரு லைக் போட்டதில்லை. ஆனா தினமும் பார்த்திருக்காங்க!

இன்ஸ்டாவை மறுபடி ஏத்திட்டேன். நாளைக்கு அவங்க எடுத்துக் கொடுத்த பச்சைச் சேலையில ஒரு போட்டோ போடணும். பின்னாடி ஒரு டீ-சர்ட்டும் தெரியக் கூடாது.