ஒன்பதாம் பக்கத்தின் கடைசி வரி

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கே நான் நலம், அப்பா நலமாகிக்கொண்டிருக்கிறார், இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் முக்கியமானதை முதலில் எழுதிவிடுகிறேன், முப்பத்தோரு வருஷம் பத்திரிகைக்குச் செய்தி எழுதியவளுக்கு வேறு மாதிரி எழுத வராது. ஊரைவிட்டுப் போகும்போது உன் கடல்மீன் தொட்டியில் கல்லோடு ஒட்டி வளர்ந்த பட்டன் பவளத்தைத் துண்டு துண்டாக உடைத்து மூன்று வீடுகளுக்குக் கொடுத்தாய். இரண்டு வீடுகளுக்கு நானே போய் அதில் விஷம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாவது வீடு யாருடையது என்று போனில் கேட்டதற்கு "யோசிச்சுச் சொல்றேம்மா, இப்ப மீட்டிங்" என்றாய். நான்கு நாளாக யோசிக்கிறாய். இந்த வரி வரைக்கும் படித்ததும் கடிதத்தை வைத்துவிட்டு, யோசித்து முடித்து, அவர்களுக்குப் போன் செய். பிறகு வந்து மீதியைப் படி. தபாலை நம்பினால் பத்து நாளாகும் என்று, இதைப் படமெடுத்து இன்றைக்கே உன் கைபேசிக்கு அனுப்பும்படி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த நாலடித் தொட்டியை எங்கள் கூடத்தில் வைத்துவிட்டு "ஆறே மாசம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய். சோபாவை எடுத்துப் படுக்கையறையில் போட்டோம், வருகிறவர்கள் மோடாவில் உட்காருகிறார்கள், அதைப் பற்றி நான் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அப்பா அந்தத் தொட்டியோடு ஒட்டிக்கொண்டதுதான் எனக்கு ஆச்சரியம். நீ எலுமிச்சம்பழ அளவில் வாங்கி வைத்த மூளைப் பவளம் இப்போது அவர் கைமுட்டி அளவு வந்திருக்கிறது, மாதம் ஒருமுறை கண்ணாடிக்கு வெளியே நூலைப் பிடித்து அளந்து காலண்டரில் குறிக்கிறார், பாதி மாதங்களில் நூலுக்கே வித்தியாசம் தெரிவதில்லை. அது அப்படி என்றால் உன் பட்டன் பவளம் வேறு ஜாதி. முதலில் ஒரே கல்லில் பத்துப் பன்னிரண்டு பட்டன், பழுப்பு விளிம்பும் பச்சை நடுவுமாக, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. போன வருஷம் பக்கத்துக் கல்லுக்குத் தாவியது, அப்புறம் பின்கண்ணாடியில் ஏறியது, பம்பின் வாயைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது, கடைசியில் மூளைக்கு ஒரு விரல் தூரத்தில் வந்து நின்றது. மூளையின் அந்தப் பக்கத்து ஓரம் சுண்ணாம்பு பூசினது போல வெளுத்தது. அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உனக்குப் போன் செய்தார். நீ எதையோ மென்றுகொண்டே "ஒண்ணுமில்லப்பா, பக்கத்துல வந்தா கொஞ்சம் கிள்ளி விடுங்க, செடி மாதிரிதான்" என்றாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது, நானும் கேட்டேன். செடி மாதிரிதான் என்ற இந்த இரண்டு வார்த்தையைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். போன வாரத்துக்கு முந்தின வாரம், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. அப்பா இருபத்தெட்டு வருஷம் கேன்டீன் அடுப்படியில் நின்றவர், அவருக்கு உலகத்தில் எந்தப் பிடிவாதமான அழுக்குக்கும் ஒரே வைத்தியம்தான், கொதிக்கிற தண்ணீரை ஊற்று, மூடி வை, கம்பி பிரஷால் தேய். பட்டன் அதிகம் பிடித்திருந்த கல்லைத் தொட்டியிலிருந்து தூக்கிச் சமையலறைக்குக் கொண்டுவந்து பெரிய பாத்திரத்தில் வைத்து அப்படியே செய்தார். வெளியே மழை, ஜன்னல் சாத்தியிருந்தது. நான் அதே அறையில் மேஜையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். என்ன கண்றாவி நாற்றம் இது என்று கேட்டேன். "கடல் சமாசாரம்னா நாறத்தான் செய்யும், நீ என்ன மல்லிகைப்பூவா எதிர்பார்த்தே, மூக்கப் பொத்திக்கிட்டு வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு ஆவிக்கு நேராகக் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்தில் இருமல். பன்னிரண்டு மணிக்கு இரண்டு கம்பளிக்குள் நடுங்கினார், "வாயில ஆணியப் போட்டுச் சப்புற மாதிரி இருக்கு" என்றார். எனக்கும் தொண்டை எரிந்தது, மழைச் சளி என்று நினைத்தேன். மூன்று மணிக்கு அவரால் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் தன் வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்.

டாக்டரம்மா கெட்டிக்காரி, வரிசையாகக் கேட்டாள். புதிதாக ஏதாவது சாப்பிட்டாரா, பூச்சிமருந்து அடித்தீர்களா, பெயின்ட் அடித்தீர்களா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். காலையில் ஒரு கல்லைக் கழுவினார் என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? காய்ச்சல் வகை என்று நினைத்து மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். நான் அவர் கண்ணாடியையும் மாற்றுத்துணியையும் எடுக்க வீட்டுக்கு வந்தேன். மீன்களுக்குத் தீனி போடவில்லையே என்று அளவு பார்க்க நீ எழுதி வைத்த நோட்டைத் திறந்தேன். முதல் பக்கம் முழுக்க மீன்களின் செல்லப்பெயர், படம் வேறு வரைந்திருக்கிறாய். இரண்டு முதல் ஐந்து வரை தீனி, உப்பு, தண்ணீர் மாற்றுவது. ஏழாம் பக்கத்தில் கண்ணாடியில் கீறல் விழாமல் துடைப்பதற்கு மட்டும் பதினோரு வரி. ஒன்பதாம் பக்கத்தின் அடியில், காபிக் கறைக்குப் பக்கத்தில், மற்ற எழுத்தில் பாதி அளவில், பின்குறிப்பு என்று போட்டு, பட்டன் பவளத்தில் கடும் விஷம் உண்டு, வெறுங்கையால் தொட வேண்டாம், வெந்நீர் ஊற்றவே கூடாது, ஆவி மூச்சில் போனால் ஆபத்து என்று எழுதியிருக்கிறாய். மீனின் செல்லப்பெயர் முதல் பக்கத்தில், அப்பாவின் உயிர் பின்குறிப்பில். நோட்டோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அதைப் படித்துக்கொண்டே டாக்டரம்மா எழுந்து விஷமுறிவு மையத்துக்குப் போன் போட்டாள். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது, மூச்சைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான் என்றாள். மூன்றாம் நாள் மூச்சு சீரானதும் அவர் கேட்ட முதல் கேள்வி "மூளை எப்படி இருக்கு". நர்ஸ் பதறிப்போய் "தலையில ஒண்ணுமில்லங்கய்யா, உங்களுக்கு நெஞ்சுலதான்" என்று சமாதானம் சொன்னாள்.

உன்னிடம் சொன்னபோது நீ அழுதாய், அதை நான் மறக்கவில்லை. ஆனால் அழுகைக்கு நடுவில் "நான் எழுதித்தானேம்மா வச்சிருந்தேன்" என்றாய் பார், அந்த வாக்கியம் எனக்குப் பழக்கம். கதவுக்குப் பின்னால் அறிவிப்பை ஒட்டிவிட்டு அறிவித்தோமே என்று சொன்ன எத்தனை அலுவலகங்களைப் பற்றி எழுதியிருக்கிறேன், என் வீட்டிலேயே ஒன்று வளர்ந்திருக்கும் என்று நினைக்கவில்லை. நீ அதை வாங்கின கடைக்கும் போனேன். தொட்டிக்குத் தொட்டி அட்டை வைத்திருக்கிறான், இதற்கு மட்டும் 'வளர்ப்பது சுலபம், வேகமாகப் பரவும்' என்று பெருமையாக எழுதியிருக்கிறது. விஷம் என்று ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "கேட்டிருந்தா சொல்லியிருப்போம்மா" என்றான். தெரியாதவன் எதைக் கேட்பான் என்றேன். "அப்படி எழுதி வச்சா யாரும்மா வாங்குவாங்க" என்றான். அதைத் தேதி போட்டு எழுதிக்கொண்டேன். பேனாவைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றுவிட்டது. வாராவாரம் போய் அந்த அட்டையைப் பார்க்கப்போகிறேன்.

இப்போது அந்த இரண்டு வீடு. மேல்மாடிக் கணக்கு டீச்சர் தொட்டியையே எப்போதோ எடுத்துவிட்டாள், தப்பித்தாள். பல் டாக்டர் வீட்டில் அவர் மனைவி என்னைக் குளியலறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள், பிளாஸ்டிக் வாளியில் கல், கல் முழுக்கப் பட்டன். தொட்டி முழுக்கப் பரவிவிட்டது என்று எடுத்து வைத்திருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வெந்நீர் விட்டுச் சுத்தம் பண்ணலாம் என்று எண்ணம். "உங்க பையன் செடி மாதிரிதான்னு சொன்னாரேக்கா" என்றாள். அவளுடைய சின்னப் பெண் வாளி ஓரத்தில் குந்தி ஒரு பட்டனைத் தொடலாமா வேண்டாமா என்று விரலை நீட்டிக்கொண்டிருந்தது. நான் அந்தக் குழந்தையின் கையைப் பிடித்த வேகத்தில் அது அழுதுவிட்டது. நீ ஒரே நாளில் மூன்று வீட்டுக்குக் கொடுத்தாய், மூன்றும் ஒரே வேகத்தில்தான் வளரும். மூன்றாவது வீட்டிலும் இந்நேரம் யாராவது பாத்திரம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றேன், அப்பா "மூளைய விட்டுட்டு நான் எங்க போறது" என்கிறார். சரி என்று மீன் காட்சியகத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மாவைப் போனில் பிடித்து முறையாகக் கேட்டுக்கொண்டேன். எதுவும் தண்ணீருக்கு வெளியே தேய்க்கக் கூடாது. தனியாகப் பிரிந்து வரும் பட்டன் கல்லை முழுசாகத் தூக்கி, மற்றதைத் தொடாதபடி மணலில் தீவு மாதிரி வைக்க வேண்டும். நகர்த்த முடியாத இடத்தில் தண்ணீருக்குள்ளேயே இறுகும் பசைமண்ணைப் பட்டன்மேல் அப்பி மூச்சடைக்க வைக்க வேண்டும். பம்பு நிற்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும், முழங்கை வரை கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. அப்பாவை இந்தக் கோலத்தில் பார்த்தால் வெல்டிங் பட்டறைக்குப் போகிறவர் போல இருக்கிறார். மூளையின் ஓரம் இன்னும் வெளுப்புதான், ஆனால் மேற்கொண்டு பரவவில்லை. உன்மேல் அவருக்குக் கோபமே இல்லை, "பாவம் அவன், எழுதித்தானே வச்சான்" என்கிறார், மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு இதைச் சொல்கிறார். அவருக்கும் சேர்த்து நான் கோபப்பட வேண்டியிருக்கிறது.

அக்காவுக்கு வேலையிடம் மாறிவிட்டது, முன்னைப் போல அலைச்சல் இல்லை. குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. நீ போனில் பேசும்போது மெல்லாதே, ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிடு.

ஒரு திருத்தம் இருக்கிறது. நீ போன அன்று அப்பா அந்த நோட்டை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார், உன் எழுத்து அவர் கண்ணுக்குப் பிடிபடாது. ஆறாம் பக்கம் வரை படித்தேன், மிச்சமெல்லாம் துடைக்கிற சமாசாரம்தான் என்று சொல்லி மூடி வைத்தேன். ஒரு விசாரணை அறிக்கையின் கடைசி இணைப்பு வரை படிக்காமல் ஒரு வரி எழுதாதவள் நான். டாக்டரம்மா கேட்டபோது யாரும் முழுசாகப் படிக்கவில்லை என்றேன், பாதியில் மூடி வைத்தது யார் என்று சொல்லவில்லை. அப்பாவுக்கு நினைவிருக்கிறது, அவரும் சொல்லவில்லை. இதை நான் முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும், கடைசியில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். அதனால் உன்மேல் இருக்கும் கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்காதே, பங்குக்கு இன்னொரு ஆள் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். உன் ஒன்பதாம் பக்கத்தின் கடைசி வரியை வெட்டித் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டேன், பெரிய எழுத்தில் அதன் மேலே திரும்பவும் எழுதி.

உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் இல்லாமல், எடுத்த காரியம் முடிந்து, நீ நன்றாக இருக்க வேண்டும். அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம்.

மூன்றாவது வீட்டுக்குப் போன் செய்தாயா?

அம்மா